தனித்தனிக் கொடிகள் ஒரே கொடியான கதை

நமது சங்கத்தின் பெயர்ப்பலகை முதன்முதலில் மாட்டப்பட்ட 1975ஆம் ஆண்டில் 'மலேசியா' என்ற பெயருக்கு வயது பன்னிரண்டுதான். சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் அத்தனை பேரும் இந்த நாடு பிறப்பதற்கு முன்பே பிறந்தவர்கள். ஒருவருடைய பிறப்புப் பத்திரத்தில் 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்றிருக்கும். இன்னொருவர் கெடா சுல்தானின் மண்ணில் பிறந்திருப்பார். மற்றவர் மதராஸ் மாகாணத்தில் பிறந்து கப்பலில் வந்திருப்பார். மூவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்றார்கள், ஒரே தெருவில் கடை வைத்தார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் மூவரும் மூன்று விதம்.

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நம்மவர்களின் வணிகத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் குடும்ப வியாபாரத்தில் இறங்கியவன். வரலாறு எனக்குப் பாடமல்ல, பொழுதுபோக்கு. ஆனால் சரக்கு அனுப்புகிறவனுக்கு எல்லைகள் எங்கே இருக்கின்றன, எங்கே எவ்வளவு தீர்வை என்று தெரிந்தாக வேண்டும். அப்படிப் பார்க்கப் போய்த்தான் இந்த எல்லைகள் எப்போது போடப்பட்டன, எப்போது அழிக்கப்பட்டன என்று தேட ஆரம்பித்தேன். தனித்தனியாகக் கிடந்த காலனிகளும் சுல்தான்களின் மாநிலங்களும் ஒரு நாடான கதையை, ஒரு கடைக்காரனின் பார்வையில் இங்கே சொல்கிறேன்.

நீரிணையின் மூன்று ஊர்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கினார். 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1826இல், இந்த மூன்று துறைமுகங்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே நிர்வாகமாக்கி 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்று பெயரிட்டது. முதல் தலைநகரம் நம் பினாங்குதான். 1832இல் அது சிங்கப்பூருக்குப் போய்விட்டது. (பினாங்குக்காரர்கள் சிங்கப்பூரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பழக்கம் அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும்.) 1867 ஏப்ரல் 1ஆம் தேதி வரை இவற்றுக்கு மேலதிகாரம் இந்தியாவில் இருந்தது. அதன் பிறகுதான் லண்டன் நேரடியாக ஆளத் தொடங்கியது.

இந்த மூன்று ஊர்களையும் அரசாங்கம் ஒன்றாக்குவதற்கு முன்பே நம்மவர்கள் ஒன்றாக்கியிருந்தார்கள். நாகூர், காரைக்கால், கீழக்கரை, பரங்கிப்பேட்டை எனச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரைக்காயர்களுக்கும் மற்ற வணிகர்களுக்கும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்பவை ஒரே கடல் வழியின் மூன்று நிறுத்தங்கள். பினாங்கில் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சிங்கப்பூரில் சூலியாப் பள்ளிவாசல் 1826இல் தொடங்கப்பட்டது. இரண்டு ஊரிலும் சூலியா தெரு உண்டு, இரண்டு ஊரிலும் நாகூர் தர்கா உண்டு. சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கோடு சேர்ந்து செய்தியும் தமிழில் பயணித்த காலம் அது.

ஆனால் துறைமுகத்தை விட்டு உள்நாட்டுக்குள் நுழைந்தால் வேறு உலகம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் 'கூட்டு மலாய் மாநிலங்கள்' ஆயின. அதற்குத் தலைநகரம் கோலாலம்பூர். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கும் 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்து, பிறகு ஆங்கிலேயரிடம் வந்தன. ஜொகூர் 1914இல்தான் முழு அதிகாரமுள்ள ஆங்கில ஆலோசகரை ஏற்றது. இந்த ஐந்தும் கூட்டில் சேராமல் தனித்தனியே நின்றன. கணக்குப் போட்டால், ஜப்பானியர் வருவதற்கு முன் தீபகற்பத்தில் மட்டும் ஏழு அரசாங்கங்கள்! பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம். அங்கிருந்து சரக்கைப் பேராக்கில் இறக்கினால் அந்த மாநிலச் சுங்கம் தன் பங்கைக் கேட்கும்.

கடலுக்கு அப்பால் போர்னியோவில் இன்னும் விசித்திரம். சரவாக்கை 1841 முதல் புரூக் என்ற ஆங்கிலேயக் குடும்பம் தன் சொந்த ராஜ்யமாகவே ஆண்டது. இன்றைய சபாவான வட போர்னியோவை 1881இல் சாசனம் பெற்ற ஒரு வணிகக் கம்பெனி ஆண்டது. பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று வரி வசூலித்தது, போலீஸ் வைத்தது, நீதிமன்றம் நடத்தியது. வியாபாரிகள் நாடாண்டால் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த அறுபது ஆண்டுகளைத்தான் காட்டவேண்டும்.

போர் கலைத்த சீட்டுக்கட்டு

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் ஆட்சி. அந்தக் காலத்தில் வடக்கேயுள்ள கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானுவைச் சயாமுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்த ஆங்கிலேயர், பழைய ஏழு அரசாங்கங்களை மறுபடி நடத்த விரும்பவில்லை. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி 'மலாயன் யூனியன்' பிறந்தது. ஒன்பது மலாய் மாநிலங்களோடு பினாங்கையும் மலாக்காவையும் சேர்த்தார்கள், சிங்கப்பூரை மட்டும் தனிக் காலனியாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 120 ஆண்டுகள் ஒரே கணக்கில் இருந்த மூன்று ஊர்கள் அன்றோடு பிரிந்தன. சிங்கப்பூர் 1965இல் பிரிந்தது என்றுதான் நாம் சொல்லி வருகிறோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை பிரிக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் போர்னியோவின் இரண்டு நாடுகளும் காலனிகளாயின. போரில் நொடித்துப்போன கம்பெனி வட போர்னியோவைக் கைவிட்டது. சரவாக்கில் புரூக் ராஜா தன் நாட்டை பிரிட்டிஷ் முடியரசிடம் ஒப்படைத்தபோது சட்டமன்றத்தில் 19க்கு 16 என்ற வாக்குகளில்தான் அது நிறைவேறியது. எதிர்ப்பு அடங்கவில்லை. 1949 டிசம்பரில் சிபு நகரில் ஆளுநர் டங்கன் ஸ்டுவர்ட் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். போர்னியோ மக்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலாயன் யூனியன் இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. சுல்தான்களின் இறையாண்மையைப் பறித்ததும், இங்கே பிறந்த எவரும் எளிதாகக் குடியுரிமை பெறலாம் என்றதும் மலாய் மக்களைக் கொதிக்க வைத்தன. 1946 மே 11ஆம் தேதி டத்தோ ஓன் ஜஃபார் தலைமையில் அம்னோ உருவானது. 1948 பிப்ரவரி 1ஆம் தேதி யூனியன் கலைக்கப்பட்டு 'மலாயாக் கூட்டரசு' வந்தது. சுல்தான்களின் இடம் மீண்டது, குடியுரிமை விதிகள் இறுகின. கடல் கடந்து வந்து குடியேறியவர் விண்ணப்பிக்க வேண்டுமானால் குறைந்தது 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் வந்து, குடும்பத்தை அங்கே வைத்துக் கடையை இங்கே வைத்திருந்த நம்மவர்கள் பலருக்கு இந்தக் கணக்கு எளிதாக இருக்கவில்லை.

பினாங்கு பிரிய நினைத்தபோது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நம் தீவின் பிள்ளைகளுக்கே இது தெரிவதில்லை.

கூட்டரசு பிறந்த அதே 1948ஆம் ஆண்டு டிசம்பரில், பினாங்கு வணிகர் சபையின் தலைவர் டி.ஏ. மெக்கே முன்னின்று ஒரு கூட்டம் நடந்தது. சீனர், யுரேசியர், இந்தியர் எனப் பல சமூகங்களின் சங்கப் பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். பினாங்கு இந்தக் கூட்டரசிலிருந்து விலகிப் பழையபடி சிங்கப்பூரோடு சேரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அவர்களின் அச்சத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பினாங்கின் பிழைப்பே இறக்கி ஏற்றுவதில் இருந்தது. சுமத்ராவிலிருந்து ரப்பர், மிளகு, காப்பி, பாக்கு வரும். தரம் பிரித்து, மூட்டை கட்டி, வேறு கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். போகும் கப்பலில் துணிமணியும் பாத்திரமும் அரிசியும் சுமத்ராவுக்குப் போகும். தீர்வை இல்லாததால்தான் இது கட்டுப்படியானது. கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவர்கள் ரப்பர் தோட்டத்தையும் ஈயச் சுரங்கத்தையும் பற்றி யோசிப்பார்களா, பினாங்கின் படகுத்துறையைப் பற்றி யோசிப்பார்களா? அதோடு, தீவில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்தவர்கள். அந்த நிலை என்னவாகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

1949 பிப்ரவரியில் பினாங்குக் குடியேற்றச் சபையில் தீர்மானம் வாக்குக்கு வந்தது. 15க்கு 10 என்ற வாக்குகளில் தோற்றது. பிறகு லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். 1951இல் அதுவும் மறுக்கப்பட்டது.

அவர்களைத் துரோகிகள் என்று சொல்வோரும் உண்டு, தீர்க்கதரிசிகள் என்று சொல்வோரும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், அவர்கள் போட்ட வியாபாரக் கணக்கு பெரும்பாலும் சரி. 1960களின் இறுதியில் தீவின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி உண்மையாகவே பறிபோனது, வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது, 1970களில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வந்த பிறகுதான் தீவு மூச்சு விட்டது. ஆனால் அவர்கள் கணக்கில் எதிர்க்கரை இல்லை. பட்டர்வொர்த்தும் கெடாவும் பேராக்கும் இல்லாத பினாங்கு யாரிடம் விற்கும், யாரிடம் வாங்கும்? சாம்ராஜ்யம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. எட்டு ஆண்டுகளில், 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி, மெர்டேக்கா வந்தது. பினாங்கும் மலாக்காவும் காலனி என்ற பெயரை விட்டு மாநிலங்களாயின. அந்த நாள் முதல் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை குடிமகன் என்ற விதியும் அப்போது இருந்தது. 1962இல் அது திருத்தப்பட்டு, பெற்றோரின் நிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றில் அண்ணனுக்கு நீல ஐசியும் தம்பிக்குச் சிவப்பு ஐசியும் இருந்ததற்கு இத்தகைய தேதி வித்தியாசங்கள்தான் காரணம். இவற்றை எல்லாம் அன்றைக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை.

அடெல்ஃபி ஹோட்டலில் ஒரு மதிய விருந்து

1961 மே 27ஆம் தேதி சிங்கப்பூரில் அடெல்ஃபி ஹோட்டலில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் மதிய விருந்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பேசினார். மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஐந்தும் அரசியலிலும் பொருளாதாரத்திலும் நெருங்கி வரவேண்டும் என்றார். அதுவரை சிங்கப்பூரைச் சேர்க்க மறுத்து வந்தவர் அவர்.

மனம் மாறியதற்குக் காரணங்கள் வெளிப்படை. சிங்கப்பூரில் இடதுசாரிகள் வலுத்து வந்தார்கள். ஹொங் லிம் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றிருந்தது, இரண்டு மாதம் கழித்து ஆன்சன் தொகுதியிலும் தோற்றது. வாசலில் ஒரு கம்யூனிஸ்டு நாடு எழுவதைவிட வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது மேல் என்று துங்கு நினைத்தார். சிங்கப்பூரை மட்டும் சேர்த்தால் சீனர் எண்ணிக்கை கூடிவிடும் என்ற எண்ணமும் இருந்தது. போர்னியோ நாடுகளும் சேர்ந்தால் தராசு சமமாகும். லண்டனுக்கோ, தன் காலனிகளைக் கௌரவமாகக் கைமாற்றிவிட ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருந்தது. எல்லாருடைய தேவையும் ஒரே நேரத்தில் சந்தையில் வந்து நின்றதால்தான் பேரம் படிந்தது.

போர்னியோ மக்களின் மனத்தை அறிய 1962இல் ஒரு விசாரணைக் குழு போனது. இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் கோபோல்ட் பிரபு தலைவர். ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் நம் பினாங்கின் முதல் முதலமைச்சர் வோங் பாவ் நீ. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நேரில் கேட்டார்கள், ஏறத்தாழ 2,200 கடிதங்களையும் மனுக்களையும் படித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மக்கள் மலேசியாவை வரவேற்றார்கள், ஒரு பங்கு நிபந்தனைகளோடு ஏற்றார்கள், மீதி ஒரு பங்கில் சிலர் முதலில் தனிச் சுதந்திரம் கேட்டார்கள், சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்றார்கள் என்று அறிக்கை சொன்னது. நடுவில் இருந்த அந்த நிபந்தனைக்காரர்களைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். வட போர்னியோ 20 அம்சங்களையும் சரவாக் 18 அம்சங்களையும் எழுதி வைத்தன. மொழி, சமயம், குடிநுழைவு, வரி வருவாய், நிலம் என எல்லாம் அதில் இருந்தது.

சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1ஆம் தேதி பொது வாக்கெடுப்பு. மூன்று தேர்வுகள் கொடுத்தார்கள், மூன்றுமே இணைப்புக்கான வழிகள்தான். 'வேண்டாம்' என்பதற்குக் கட்டமே இல்லை! அரசாங்கம் பரிந்துரைத்த முதல் தேர்வுக்கு 71 விழுக்காடு. எதிர்க்கட்சி சொற்படி வெற்றுச் சீட்டுப் போட்டவர்கள் 25 விழுக்காடு. வாக்கெடுப்புக்கு முன் பெரிய சண்டை ஒரு சொல்லைப் பற்றி நடந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் புதிய நாட்டின் 'தேசத்தவர்' என்று முதலில் எழுதியிருந்தார்கள். அது தரம் குறைந்த உரிமை என்று மக்கள் அஞ்சினார்கள். லண்டன் பேச்சில் அது 'குடிமக்கள்' என்று மாறிய பிறகுதான் ஊர் அமைதியானது. சூலியா தெருவிலும் தஞ்சோங் பகாரிலும் இருந்த நம்மவர்கள் இந்தச் சொல்லின் எடையை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள்.

புருணை சேரவில்லை. 1962 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே அசஹாரியின் கட்சியினர் கிளர்ச்சி செய்தார்கள். அது அடக்கப்பட்டது. பிறகு எண்ணெய் வருவாய் யாருக்கு, மாமன்னர் வரிசையில் சுல்தானின் இடம் எது என்ற இரண்டு கேள்விகளில் பேச்சு முறிந்தது.

கடைசி இழுபறி பணத்தைப் பற்றியது. 1963 ஜூலையில் லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரம் வரை அது தீரவில்லை. சிங்கப்பூர் தன் வருவாயில் 40 விழுக்காட்டை மத்திய அரசுக்குக் கொடுக்க வேண்டும், போர்னியோ மாநிலங்களுக்கு 15 கோடி வெள்ளி கடன் தர வேண்டும், பதிலுக்குப் படிப்படியாகப் பொதுச் சந்தை ஒன்று திறக்கப்படும் என்று முடிவானது. ஜூலை 9ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. சிங்கப்பூரைவிட மக்கள்தொகை மிகவும் குறைந்த சபாவுக்கு ஓர் இடம் கூடுதல். கல்வியையும் தொழிலாளர் விவகாரத்தையும் சிங்கப்பூர் தன் கையில் வைத்துக்கொண்டதற்குக் கொடுத்த விலை அது.

ஆகஸ்ட் 31 என்று குறித்த நாள் தள்ளிப்போனது. இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் ஆட்சேபித்ததால் ஐ.நா. குழு ஒன்று சபா, சரவாக் மக்களின் கருத்தை மறுபடி ஆராய்ந்தது. கிளந்தான் மாநில அரசோ இந்த நாடே செல்லாது என்று நீதிமன்றம் போனது. செப்டம்பர் 14ஆம் தேதி தலைமை நீதிபதி தாம்சன் அதை ஏற்க மறுத்தார். அதே நாளில் ஐ.நா. அறிக்கையும் சாதகமாக வந்தது. இரண்டு நாள் கழித்து, 1963 செப்டம்பர் 16ஆம் தேதி, மலேசியா பிறந்தது.

இரண்டு ஆண்டுகள் இல்லாத இரண்டு ஆண்டுகள்

பிறந்த வாரத்திலேயே இந்தோனேசியா வணிகத்தைத் துண்டித்தது. 'கொன்ஃப்ரொந்தாசி' என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். போர்னியோக் காடுகளில் சண்டை நடந்தது, சிங்கப்பூரில் குண்டு வெடித்தது. பினாங்கில் வெடிச்சத்தம் கேட்கவில்லை, ஆனால் படகுத்துறையில் சுமத்ரா சரக்கு நின்றுபோனது. ஜாதிக்காய், பாக்கு, காப்பிக் கொட்டை என்று தலைமுறையாகச் செய்த கடைகள் ஷட்டரை இறக்கின. ஒன்றுபட்டதற்கு முதல் விலை கொடுத்தவர்கள் சிறு வணிகர்களே.

1964 ஜூலை 21ஆம் தேதி சிங்கப்பூரில் மீலாது ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மீண்டும் கலவரம். நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் இரத்தத்தில் முடிந்ததை அன்று அங்கிருந்த நம் சமுதாயத்தார் நெடுங்காலம் வாய்விட்டுப் பேச விரும்பவில்லை. அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினார்கள். பொதுச் சந்தை பேச்சளவிலேயே இருந்தது. 40 விழுக்காட்டை உயர்த்த வேண்டும் என்று கோலாலம்பூர் கேட்டது, கேட்ட சந்தை எங்கே என்று சிங்கப்பூர் கேட்டது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாடாளுமன்றம் 126 வாக்குகளில் ஒருவர்கூட எதிர்க்காமல் சிங்கப்பூரைப் பிரித்தது.

கலவரமும் கட்சிச் சண்டையும்தான் பிரிவுக்குக் காரணம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டு வியாபாரத்தில் ஒருவர் தன் பங்கைக் கட்டுகிறார், பதிலுக்குச் சொன்ன சரக்கு வரவில்லை என்றால் அந்தக் கூட்டு எத்தனை நாள் நிற்கும்? ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாடு பிரிந்த பிறகும் காசு பிரியவில்லை. 1950களிலிருந்தே மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றிலும் ஒரே வெள்ளிதான் புழங்கியது. அதாவது, நாடு ஒன்றாவதற்குப் பத்தாண்டு முன்பே நாணயம் ஒன்றாகிவிட்டது. பிரிவினைக்குப் பிறகும் இரண்டு ஆண்டு அது ஓடியது. 1967 ஜூன் 12ஆம் தேதிதான் மூன்று நாடுகளும் தனித்தனி நோட்டு அச்சிட்டன. அப்போதும் 1973 வரை இந்த வெள்ளியை அந்த ஊரில் சரிக்குச் சரியாக மாற்றலாம். இன்று மாற்று விகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வணிகர்கள் இதை நம்பவே மாட்டார்கள். சேராமல் நின்ற புருணையின் வெள்ளியும் பிரிந்து போன சிங்கப்பூரின் வெள்ளியும் இன்றுவரை சமமாக மாறுகின்றன என்பது இன்னொரு வேடிக்கை.

1967இலிருந்து ஜொகூர் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்டார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த குடும்பங்களில் அண்ணன் பினாங்கிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருப்பது வழக்கம். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஒன்றாக ஏறியவர்களில் ஒருவர் பினாங்கில் இறங்குவார், மற்றவர் கடைசித் துறை வரை போவார். எங்கே இறங்கினாலும் அப்போது ஒன்றுதான். பின்னாளில் அந்த இறங்கிய துறையே அவர்களின் நாடாகிவிட்டது. யார் எந்தக் குடியுரிமையை எடுப்பது என்று சாப்பாட்டு மேசையில் முடிவெடுத்த குடும்பங்கள் இந்த மலரை வாசிப்போரில் நிச்சயம் உண்டு. அரசியல் தலைவர்களின் கண்ணீரைத் தொலைக்காட்சி இன்றும் காட்டுகிறது. இவர்களுடையது எந்தப் படச்சுருளிலும் இல்லை.

கடலுக்கு அப்பால் இருப்பவர்கள்

வியாபாரத்துக்காகக் கோத்தா கினபாலு போகும்போது விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் ஐசியைக் காட்டி ஒரு சிறு சீட்டு வாங்க வேண்டும். தொண்ணூறு நாள் தங்கலாம் என்று அதில் இருக்கும். பள்ளி விடுமுறையில் ஒருமுறை என் மகளையும் அழைத்துப் போனேன். "அத்தா, இதுவும் மலேசியாதானே, ஏன் சீட்டு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், தீபகற்பத்துக்காரர்தான், "அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்று முணுமுணுத்தார்.

மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம் வீட்டையும் பெரியப்பா வீட்டையும் ஒன்றாக்கினோம் என்று வை. பெரியப்பா, 'கதவுச் சாவி மட்டும் என்னிடம் இருக்கட்டும்' என்று கேட்டு, நாமும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பிறகு சாவியைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

அந்தச் சீட்டு 1963இல் எழுதிய நிபந்தனையின் மிச்சம். சபாவின் உட்பகுதியில் கெனிங்காவ் என்ற ஊரில் 1964இல் ஒரு கல் நட்டார்கள். 'பத்து சும்பா', சத்தியக் கல் என்று பெயர். சமய சுதந்திரம், நிலம் மாநிலத்தின் கையில், பூர்வகுடிகளின் வழக்காறுகளுக்கு மதிப்பு என்று அதில் பொறித்திருக்கிறது. காகிதம் தொலைந்துவிடும், கல் தொலையாது என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். நம் ஊர் வணிகர்கள் கூட்டுப் பத்திரத்தைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டுவதைப் போலத்தான் இது.

கல் தேவைப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. 1976இல் அரசியலமைப்பின் முதல் விதியை மாற்றி, எல்லா மாநிலங்களையும் ஒரே வரிசையில் எழுதினார்கள். சபாவும் சரவாக்கும் பதிமூன்றில் இரண்டாயின. தாங்கள் சேரவில்லை, சேர்ந்து ஒரு நாட்டை உருவாக்கினோம் என்ற அவர்களின் குறை நாற்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 2021 டிசம்பரில் மக்களவை அந்த விதியைத் திருத்தி, 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் அரசியலமைப்பில் குறிப்பிட்டது. ஆதரவு 199, எதிர்ப்பு இல்லை. செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் பொது விடுமுறையானதுகூட 2010இலிருந்துதான். அதற்கு முன் நாற்பத்தாறு ஆண்டுகள் தீபகற்பத்தில் அன்றைக்குக் கடை திறந்துதான் இருந்தது.

இன்னும் ஒன்று தீரவில்லை. சபாவிலிருந்து மத்திய அரசுக்குப் போகும் கூடுதல் வருவாயில் 40 விழுக்காடு திரும்பி வரவேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றிய வாக்குவாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சிங்கப்பூர் கட்ட வேண்டியதும் 40, சபா பெற வேண்டியதும் 40! ஒருவர் இரண்டே ஆண்டில் வெளியேறினார், மற்றவர் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே உள்ளேயே இருக்கிறார்.

நம் தேசியக் கொடியில் பதினான்கு கோடுகள், நட்சத்திரத்துக்கும் பதினான்கு முனைகள். 1963இல் அந்தப் பதினான்காவது சிங்கப்பூருக்கு உரியது. அது போன பிறகும் கோட்டை அழிக்கவில்லை. மத்திய அரசையும் கூட்டரசுப் பிரதேசங்களையும் குறிப்பதாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை பிள்ளைகள் கொடிக்கு வண்ணம் தீட்டும்போது எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது தலைவர்களின் பேச்சுகளும் ஒப்பந்தங்களும் எளிதில் கிடைத்தன. நம்மவர்களின் காகிதங்கள்தான் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய கூட்டரசுக் குடியுரிமைச் சான்றிதழ், ரஜூலா கப்பல் சீட்டு, 1967க்கு முந்திய கடைக் கணக்கேடு, சிங்கப்பூர்க் கூட்டாளியோடு எழுதிக்கொண்ட பத்திரம் ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். நகல் எடுக்கும் செலவு என்னுடையது.